கூண்டுக்காரன் படத்துக்கு எத்தனை முடிவு

மழைக்கு ஒதுங்கத்தான் நாகேஸ்வரி அன்று நூலகத்துக்குள் போனாள். லண்டன் வால்தம்ஸ்டோ சந்தையில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. உள்ளே சுவரோரமாக நின்றவளின் கண்ணில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ஒரு சுவரொட்டி பட்டது. கறுப்பு வெள்ளைப் படம். தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்ட ஒரு மனிதன் ஈரமான தெருவொன்றில் தனியாக நிற்கிறான். அவன் கையில் ஒரு பறவைக் கூண்டு.

நாகேஸ்வரி மரக்கறிப் பையைக் கீழே வைத்தாள். அந்த மனிதனை அவள் அதற்கு முன் கண்டதே இல்லை. ஆனால் அவன் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவன் பூட்டுத் திருத்துகிறவன். கெட்டவர்களின் வெருட்டலுக்குப் பயந்து ஒரு வங்கியின் பெட்டகத்தைத் திறந்து கொடுத்துவிட்டு, நகரம் முழுக்க ஓடி ஒளிகிறவன். கூண்டுக்குள் இருப்பது அவனுடைய மனைவியின் குருவி.

கீழே ஆங்கிலத்தில் 'சால்ட் ஸ்ட்ரீட்' என்று போட்டிருந்தது. அந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவளுக்கு அது எப்போதும் கூண்டுக்காரன் படம். வியாழக்கிழமை பின்னேரம், மேல்மாடி மண்டபத்தில், அனுமதி இலவசம் என்று எழுதியிருந்தது. அங்கேயே நின்று வீட்டுக்கு போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, உங்கடை கூண்டுக்காரன் படம் லைப்ரரியிலை போடுறாங்கள்."

மறுமுனையில் அவள் புருசன் வாமதேவன்.

"எந்தக் கூண்டுக்காரன்?"

"எத்தனை கூண்டுக்காரனை உங்களுக்குத் தெரியும்? ஜெர்மனியிலை பாத்தது. எனக்குச் சொன்னது."

"அதோ? அது பழம்படம். அதைப் போய் இப்ப ஆர் பாக்கிறது? இந்த முழங்கால் நோவோடை என்னாலை மேல்மாடிக்கு ஏறேலாது."

"லிப்ட் இருக்கு," என்றாள் நாகேஸ்வரி.

அவளுக்குக் கல்யாணம் பேசிய காலத்தில் வாமதேவன் ஜெர்மனியில் அகதியாக இருந்தார். போட்டோவைப் பார்த்துத்தான் இரண்டு பக்கமும் சம்மதம் சொன்னது. அவருடைய வழக்கு முடிந்து விசா சரிவந்தால்தான் அவளைக் கூப்பிடலாம். அதுவரைக்கும் அவள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் தாயோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனைத் தொலைபேசிக் கடைக்குப் போய் வாங்கில் உட்கார்ந்திருப்பாள். அழைப்பு வந்து பெயரைக் கூப்பிட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்க் கதைக்கலாம்.

ஆனால் என்னத்தைக் கதைப்பது? நேரில் முகம் பார்த்திராத இரண்டு பேர். சாப்பிட்டீங்களோ, ஓம் சாப்பிட்டன். குளிரோ, ஓம் சரியான குளிர். அதோடு பேச்சு நின்றுவிடும். காசு ஓடுகிற சத்தம் மட்டும் இருவருக்கும் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படியான ஒரு ஞாயிறுதான் வாமதேவன், "நேற்று இஞ்சை ஹைமிலை டீவியிலை ஒரு அமெரிக்கப் படம் பாத்தனான். சொல்லட்டோ?" என்று கேட்டார். ஹைம் என்பது அகதிகளை அரசாங்கம் தங்கவைத்திருந்த விடுதி.

அவர் கதை சொல்லுகிற விதமே தனி. கெட்டவன் கதவைத் தட்டினால் அவரும் அங்கே எதையோ தட்டுவார். மழைக்கு வாயாலேயே சத்தம் போடுவார். சவரக்கடைக் கதிரையில் கூண்டுக்காரன் முகமெல்லாம் சோப்பு நுரையோடு படுத்திருக்க, அவனைத் தேடிவந்த பொலிஸ்காரன் பக்கத்துக் கதிரையில் வந்து உட்காருகிற இடத்தில் அழைப்பு நின்றுபோனது. அடுத்த ஞாயிறு வரைக்கும் நாகேஸ்வரிக்கு நிம்மதியில்லை. அந்தக் கிழமைதான் முதன்முதலாக அவள் அவருடைய குரலுக்காகக் காத்திருந்தாள்.

கதை மாதக்கணக்கில் இழுபட்டது. விசாவும் அப்படியே இழுபட்டது. ஒரு வருசம், இரண்டு வருசம் என்று போக, தாயின் உறவினர் ஒருவர் வேறொரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குக் கொழும்பிலேயே வங்கியில் வேலை. "விசா எப்ப வருமெண்டு ஆருக்குத் தெரியும்? இந்தப் பொடியன் கண்ணுக்கு முன்னாலை நிக்கிறான்," என்றாள் தாய். நாகேஸ்வரிக்கும் மனம் ஆடித்தான் போனது. அந்த ஞாயிறு அவள் அதை மறைக்காமல் வாமதேவனிடம் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. "படத்தின்ரை முடிவை நான் இன்னும் சொல்லேல்லை எல்லோ?" என்றார்.

தப்பி ஓடவேண்டிய நேரத்தில் கூண்டுக்காரன் மனைவியின் குருவியை எடுக்கத் திரும்பவும் வீட்டுக்குப் போகிறான். ஸ்டேசனில் அவள் காத்து நிற்கிறாள். எல்லாரும் அவளைப் போகச் சொல்லுகிறார்கள், அவள் போகவில்லை. ரயில் வெளிக்கிட்டு ஊரத் தொடங்குகிறபோது அவன் ஓடி வருகிறான். அவள் பெட்டியின் வாசலில் நின்று முதலில் கூண்டை வாங்குகிறாள், பிறகு அவனை இழுத்து ஏற்றுகிறாள். நகரத்தைத் தாண்டி வெயில் வருகிறது. குருவி பாடத் தொடங்குகிறது.

நாகேஸ்வரி கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்து, வங்கி மாப்பிள்ளை வேண்டாம் என்று தாயிடம் சொல்லிவிட்டாள். பிறகும் நெடுங்காலம் காத்திருந்துதான் ஜெர்மனிக்குப் போனாள். மகள் துஷ்யா அங்கேதான் பிறந்தாள். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தார்கள். இப்போது வாமதேவன் சனி ஞாயிறுகளில் மட்டும் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் இருக்கிறார். நாகேஸ்வரிக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பகுதிநேர வேலை. துஷ்யாவுக்குச் சின்ன வயதில் சோறு தீத்தும்போதெல்லாம் அந்தக் கதைதான். குருவி பாடுகிற இடத்தில் கடைசி வாய் உள்ளே போய்விடும்.

வியாழக்கிழமை இருவரும் போனார்கள். மண்டபத்தில் மடக்குக் கதிரைகள், அநேகமாக நரைத்த தலைகள், நடுவில் நாலைந்து இளம் முகங்கள். வாசலில் நின்ற பெரியவர் இவர்கள் கதைப்பதைக் கேட்டுத் திரும்பினார். "தமிழா? வாங்க, வாங்க. நான் ஜம்புநாதன். முன்னாடி உட்காருங்கம்மா, கீழே ஓடுற எழுத்து நல்லாத் தெரியும்." தமிழ்நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற டாக்டர். இந்தப் படக்குழுவை நடத்துவது அவர்தான்.

படம் தொடங்கியது. மழை வாமதேவன் வாயால் பெய்த மாதிரியே பெய்தது. சவரக்கடைக் காட்சி அப்படியே வந்தது. நாகேஸ்வரி சந்தோசத்தில் புருசனை முழங்கையால் இடித்தாள். அவர் தலையாட்டினார்.

ஆனால் அந்த மனைவி வந்ததிலிருந்து நாகேஸ்வரிக்கு ஏதோ இடறத் தொடங்கியது. வாமதேவனின் கதையில் அவள் யன்னலோரம் இருந்து சட்டை தைப்பாள், காத்திருப்பாள். இங்கே அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை செய்தாள், சிகரெட் பிடித்தாள், புருசனோடு வாய் காட்டினாள். "நீ ஒருநாளாவது என்னைக் கேட்டுவிட்டு ஒரு காரியம் செய்தாயா?" என்று கத்தினாள். நாகேஸ்வரி கீழே ஓடிய ஆங்கில எழுத்துகளை இரண்டு தரம் வாசித்தாள். அவர் சொன்ன கதையில் இந்தப் பெண்ணுக்கு ஒரு வசனம்கூட இருந்ததில்லை.

முடிவும் வந்தது. அவன் குருவியை எடுக்க வீட்டுக்குப் போனான். அவள் ஸ்டேசனில் நின்றாள். ரயில் நின்றது. அவன் கூண்டோடு தூணோரம் வந்து சேர்ந்தான். அவள் அவனைக் கண்டாள். நன்றாகக் கண்டாள். கண்டுவிட்டுத் திரும்பி, கைப்பையை மூடிக்கொண்டு, படிகளில் இறங்கி வெளியே போனாள். அங்கே பொலிஸ்காரன் கார்க்கதவைத் திறந்து வைத்திருந்தான். அவள் ஏறினாள். கார் போனது. கூண்டுக்காரன் ஒரு வாங்கில் உட்கார்ந்து கூண்டைப் பக்கத்தில் வைத்தான். தூரத்தில் சப்பாத்துச் சத்தங்கள் கேட்டன. அவ்வளவுதான். திரை கறுத்துவிட்டது.

நாகேஸ்வரி வாமதேவனைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்தபடி இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

விளக்குப் போட்டதும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. கைத்தடியோடு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் வாழ்நாளில் பார்த்த குற்றப்படங்களில் இதுதான் முதலாவது என்றார். சிவப்புச் சால்வை போட்ட ஒரு பெண்மணி, படம் பரவாயில்லை, ஆனால் கதாநாயகன் ஒரு மடையன் என்றார். "மனைவி ஸ்டேசனில் தனியாகக் காத்து நிற்கும்போது குருவிக்குப் போகிறான். அவள் போனதுதான் சரி." பின்னாலிருந்த ஒருவர், அவள்தான் காட்டிக்கொடுத்தவள், அவளுக்கென்ன நியாயம் என்று பாய்ந்தார். காட்டிக்கொடுத்ததாகப் படத்தில் எங்கே இருக்கிறது என்று சால்வைப் பெண்மணி திருப்பிக் கேட்டார். ஒரு இளைஞன், பாதியை வெட்டினால் பார்க்கலாம் என்றான்.

ஜம்புநாதன் சிரித்துக்கொண்டே சொன்னார், படம் வெளிவந்த காலத்திலும் இதே கதைதானாம். ஒரு பத்திரிகை அந்த வருடத்தின் சிறந்த படம் என்று எழுதியது. இன்னொன்று, மழையில் குடையை மடக்கிவிட்டு உள்ளே போகிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்று எழுதியது. பிறகு அவர் நாகேஸ்வரியின் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா நினைக்கறீங்க?"

"எனக்கு... இது வேறை படம் மாதிரிக் கிடக்கு," என்றாள்.

ஜம்புநாதன் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அங்கிருந்தவர்கள் ஏதோ பெரிய விசயத்தைக் கேட்டதுபோல மெதுவாகத் தலையாட்டினார்கள்.

பஸ் தரிப்பிடத்தில் அவள் கேட்டாள். "என்ன இது?"

"இது அந்தப் படம் இல்லை," என்றார் வாமதேவன்.

"பூட்டுக்காரன் இருக்கிறான், கூண்டு இருக்கு, சவரக்கடை இருக்கு. பேந்தென்ன இல்லை?"

"அதுதான் சொல்லுறனே, இது அதில்லை. அதை மாதிரி எடுத்த வேறொண்டு." வீட்டுக்கு வந்ததும் டீவியில் செய்தியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

நாகேஸ்வரிக்கு மறுநாள் முழுக்க ஒன்றும் ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு பரிமாறும்போதுகூட அந்தப் பெண் கைப்பையை மூடிக்கொண்டு படியிறங்குவது கண்ணுக்குள் வந்தது. புருசன் பொய் சொன்னவரா? அல்லது உண்மையிலேயே இரண்டு படங்களா? பாசை விளங்காமல் அவருக்குப் பிழையாகப் பட்டதா? யோசிக்க யோசிக்க அவளுக்கு வேறொன்றும் உறைத்தது. வங்கி மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்ன அதே அழைப்பில்தான் அவர் முடிவைச் சொன்னார். அதற்கு முந்திய எத்தனையோ ஞாயிறுகளில் சொல்லாத முடிவு.

சனிக்கிழமை வாமதேவன் வேலைக்குப் போனதும் அவள் டூட்டிங்குக்கு வெளிக்கிட்டாள். அங்கே கிளின்ரன் கொத்துரொட்டிக் கடை வைத்திருந்தான். ஹைமில் வாமதேவனோடு ஒரே அறையில் இருந்தவன், அந்தப் படத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

"அண்ணி! என்ன இவ்வளவு தூரம்? வாமண்ணைக்குச் சுகமில்லையோ?" என்று கிளின்ரன் ஓடிவந்தான்.

"அவர் நல்லாத்தான் இருக்கிறார். உன்னட்டை ஒரு விசயம் கேக்க வந்தனான். ஹைமிலை நீங்கள் பாத்த கூண்டுக்காரன் படம் ஞாபகமிருக்கோ?"

"ஏன் இல்லை? அது மறக்கிற படமோ?" கிளின்ரன் அவளுக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்துவிட்டு உட்கார்ந்தான். "கடைசியிலை குருவி செத்துப்போகும். அவன் கூண்டைத் தூக்கி ஆத்துக்குள்ளை எறிவான். நான் அழுதனான், அண்ணி."

நாகேஸ்வரி தேத்தண்ணியைத் தொடவில்லை. "ஆறோ? ஸ்டேசன் இல்லையோ?"

"ஸ்டேசனோ?" கிளின்ரன் தலையைச் சொறிந்தான். உள்ளே தட்டில் ரொட்டி கொத்துகிற சத்தம் காதைப் பிளந்தது. அவன் சத்தமாகக் கத்தவேண்டியிருந்தது. "ஸ்டேசனும் வந்ததுதான். ஆனா ஆறு கட்டாயம் வந்தது. பொறுங்கோ, ஆறு வந்தது வேறை படமோ தெரியாது. அந்தக் காலத்திலை ஒவ்வொரு சனியும் பழம்படம் போடுவாங்கள். எங்களுக்கு ஒருத்தருக்கும் ஜெர்மன் விளங்காது. வாமண்ணைதான் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார், இப்ப இவன் இப்பிடிச் சொல்லுறான், இவள் இப்பிடிச் சொல்லுறாள் எண்டு."

"அவருக்கு அப்ப ஜெர்மன் தெரியுமோ?"

"எங்களை மாதிரித்தான். ஆனா வடிவாச் சொல்லுவார்."

"அந்த மனிசி ஸ்டேசனிலை என்ன செய்தவள்? அதைச் சொல்லு எனக்கு."

கிளின்ரன் கண்ணை மூடி யோசித்தான். "நிண்டவள். அது நல்ல ஞாபகம். நல்ல வடிவான மனிசி. பேந்து என்ன செய்தவள் எண்டு... வாமண்ணை என்ன சொன்னவரோ அதுதான் எனக்குத் தெரியும்."

"அவர் உங்களுக்கு என்ன சொன்னவர்?"

"அண்ணி, இதெல்லாம் இப்ப ஏன்?" என்றான் அவன் கொஞ்சம் பயந்துபோய். அவள் எழுந்தாள். அவன் மறக்காமல் இரண்டு கொத்து கட்டிக் கொடுத்தனுப்பினான். நிலத்தடி ரயிலில் அந்தச் சூடான பொதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோது, வரும்போது இருந்த தெளிவுகூட இப்போது இல்லை என்று அவளுக்குப் பட்டது.

பின்னேரம் வாமதேவன் வந்து கொத்தைப் பிரித்துப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கொத்தின் மணம் அவருக்குத் தெரியும்.

"டூட்டிங்குக்குப் போனனீரோ?"

"போனனான். அவன் குருவி செத்ததெண்டு சொல்லுறான்."

"அவனுக்கு விசர்."

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ." நாகேஸ்வரி அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். "நான் சண்டை பிடிக்கேல்லை. எனக்கு விளங்கவேணும், அவ்வளவுதான். நான் வங்கிப் பொடியனைப் பற்றிச் சொன்ன அண்டைக்குத்தான் நீங்கள் முடிவைச் சொன்னனீங்கள். அந்த மனிசி கார் ஏறிப் போனதைப் பாத்துப்போட்டு, எனக்கு மாத்திச் சொன்னீங்கள். நான் போயிடுவன் எண்ட பயத்திலை. அப்பிடித்தானே?"

வாமதேவன் கரண்டியை வைத்தார்.

"ஓம்," என்றார். "அப்பிடித்தான். நான்தான் மாத்தினனான். நீர் போனா எனக்கு அங்கை ஒண்டும் இல்லை. வேறை என்னத்தைச் சொல்லுறது உமக்கு? காசோ, வீடோ, விசாவோ, என்னட்டை என்ன இருந்தது? அந்தக் கதைதான் இருந்தது."

இதைத்தான் அவள் கேட்க நினைத்தாள். கேட்டதும் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள், அதுவும் வரவில்லை. ஒரு பொய்யை நம்பி இளமையைக் காத்திருந்தே கழித்தேன் என்று மனம் ஒரு பக்கம் சொன்னது. பயந்த ஒரு மனிதன் தன்னிடம் இருந்த ஒரேயொரு பொருளை எனக்குத் திருத்தித் தந்திருக்கிறான் என்று மறுபக்கம் சொன்னது. இரண்டும் சரியாகவே இருந்தன. அவள் எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அன்று அதைப் பற்றி வேறொன்றும் பேசவில்லை.

மறுநாள் துஷ்யா போன் எடுத்தாள். தாய் ஏற்கெனவே இவளிடமும் புலம்பியிருந்தாள். "அம்மா, நான் ஒன்லைன்ல பாத்தன். அந்தப் படத்துக்கு லிட்டரலி ரெண்டு எண்டிங் இருக்கு! முதல் போட்ட நேரம் கொஞ்சச் சனம் ஊ அடிச்சிருக்கு. கம்பனி பயந்துபோய் வெளிநாட்டுக்கு அனுப்ப வேற எண்டிங் எடுத்திருக்கு. அதில அவ வெயிட் பண்ணுவாவாம். ஜெர்மனிக்குப் போனது எந்த வெர்ஷன் எண்டு ஒருத்தருக்கும் ஷுவரா தெரியேல்ல. நான் உங்கட கிளப் அங்கிளுக்கு ஈமெயில் போட்டிருக்கிறன்."

நாகேஸ்வரி போனை வைத்தாள். இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்த பிறகு அது உன்னுடையதுதான் என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. வாமதேவனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

ஜம்புநாதனே அவளுக்குப் போன் எடுத்தார். "அம்மா, உங்க பொண்ணு சொன்னாங்க. அந்த இன்னொரு முடிவு என்கிட்ட டிஸ்க்ல இருக்கு. போன வாரம் நடந்த சண்டையைப் பார்த்தீங்கல்ல? இந்த வியாழக்கிழமை அதையும் போட்டுக் காட்டிடலாம்னு இருக்கேன். ரெண்டு பேரும் அவசியம் வாங்க."

வந்தார்கள். போன முறையைவிடக் கூட்டம் அதிகம். கைத்தடிக் கிழவரும் சால்வைப் பெண்மணியும் வேண்டுமென்றே எதிரெதிர்ப் பக்கங்களில் உட்கார்ந்திருந்தார்கள். ஜம்புநாதன் கடைசிப் பகுதியை மட்டும் ஓடவிட்டார்.

ஸ்டேசன். அவள் நிற்கிறாள். ஆனால் தலைமுடி வேறு விதமாகச் சீவியிருக்கிறது, சட்டைக் கழுத்தும் மாறியிருக்கிறது. அவன் வருகிறான். அவனுடைய முகத்தைக் காட்டவே இல்லை, முதுகை மட்டும்தான் காட்டினார்கள். அந்த நடிகர் இந்த முடிவில் நடிக்க மறுத்துவிட்டதால் வேறொருவரை நிறுத்தி எடுத்தார்களாம். அவள் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடிக்கிறாள். ரயில் கூவுகிறது. இசை உரத்து எழுகிறது. முற்றும். கூண்டு எங்கே என்று தெரியவில்லை. அவர்கள் ரயிலில் ஏறவும் இல்லை, வெயிலும் வரவில்லை.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. கைத்தடிக் கிழவர்கூடச் சிரித்தார். "முதுகோடு கலியாணம்!" என்று யாரோ ஆங்கிலத்தில் சொல்ல, இன்னும் சிரித்தார்கள்.

நாகேஸ்வரிக்கு முகம் சூடாகியது. தான் எழுந்து நிற்பதை அவள் எழுந்த பிறகுதான் உணர்ந்தாள். இத்தனை வருடத்தில் லண்டனில் ஒரு கூட்டத்துக்கு முன்னால் அவள் ஆங்கிலத்தில் பேசியதில்லை. "சிரிக்காதீர்கள்," என்றாள். "இந்த முடிவை நம்பி நான் கல்யாணம் கட்டினேன். அந்த நேரம் எங்கள் நாட்டில் சண்டை. இவர் ஜெர்மனியில், நான் கொழும்பில். போனில்தான் இந்தக் கதை. இவர் எனக்குச் சொன்னதில் ரயில் இருந்தது, குருவி பாடியது. அது இதைவிட நல்லாயிருந்தது."

சிரிப்பு அடங்கிவிட்டது. வாமதேவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தன. சால்வைப் பெண்மணி அந்த முடிவை முழுதாகச் சொல்லும்படி கேட்டார். நாகேஸ்வரி தட்டுத்தடுமாறிச் சொன்னாள், முதலில் கூண்டை வாங்கியதை, பிறகு அவனை இழுத்து ஏற்றியதை. சிலர் கைதட்டினார்கள். கைத்தடிக் கிழவர், அழகுதான், ஆனால் சீனி கொஞ்சம் கூடிவிட்டது என்றார். வெட்டச் சொன்ன இளைஞன், மூன்றிலும் இதுதான் சிறந்தது என்றான். உடனே இன்னொரு சண்டை தொடங்கியது.

ஜம்புநாதன் கையைத் தட்டி அமைதிப்படுத்தினார். எந்த முடிவு பிடித்தது என்று கை உயர்த்தச் சொன்னார். கட்டிப்பிடிக்கிற முடிவுக்கு ஒருவரும் இல்லை. நாகேஸ்வரியின் கணவருடைய முடிவுக்கு என்றதும் கொஞ்சக் கைகள் எழுந்தன. வாமதேவன் தன்னுடையதையும் கூச்சத்தோடு அரைவாசிக்கு உயர்த்தினார். கார் ஏறிப் போகிற முடிவுக்கு என்று கேட்டபோது நாகேஸ்வரியின் கை மேலே போயிருந்தது.

அவர் அவளைப் பார்த்தார். அவளும் தன் கையைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் அவர் அந்தக் கையைப் பற்றிப் பேசவில்லை. "பாத்தீரோ?" என்றார். "காத்து நிண்டவள்தானே! நான் பொய் சொல்லேல்லை."

"அப்ப அண்டைக்கு ஏன் நான்தான் மாத்தினனான் எண்டு சொன்னீங்கள்?"

வாமதேவன் நடையை நிறுத்தினார். "நீர் கேட்ட கேள்வியிலை எனக்கே அப்பிடித்தான் எண்டு பட்டுது," என்றார். "உண்மையாச் சொல்லுறன் நாகேஸ், எனக்கு இப்ப தெரியேல்லை. கட்டிப்பிடிச்சதைப் பாத்துட்டு ரயிலையும் குருவியையும் நான் சேத்தனோ, கார் ஏறினதைப் பாத்துட்டு எல்லாத்தையும் மாத்தினனோ, ஹைமிலை சாப்பாட்டு மணி அடிச்சு முடிவைப் பாக்காமலே எழும்பினமோ... எத்தினை தரம் சொல்லிப்போட்டன், இப்ப நான் சொன்னதுதான் கண்ணுக்குள்ளை நிக்குது. ரயில் போறதை நான் பாத்தனான். வெயிலையும் பாத்தனான்."

அவர் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. நாகேஸ்வரி அதை நம்பினாள். எதை நம்பினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"சரி, நீர் ஏன் அதுக்குக் கை தூக்கினனீர்?" என்று கடைசியில் கேட்டார்.

"தெரியேல்லை," என்றாள் அவள். "அவள் திரும்பி நடக்கேக்கை எனக்குக் கோபம் வரேல்லை. அதுதான்."

"எனக்கு வந்தது."

"உங்களுக்கு வரத்தான் வேணும்."

பஸ் வந்தது. ஏறி, கதிரை கிடைத்து, இரண்டு தரிப்பிடம் போகும்வரைக்கும் வாமதேவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தார்.

"அவள் அந்தக் காரிலை ஏறி எங்கை போயிருப்பாள்?"

"பொலிஸ் ஸ்டேசனுக்கு. வேறை எங்கை?"

"சீ, அங்கையோ போயிருப்பாள்? அவளுக்குத் தொலைபேசி நிலையத்திலை வேலை இருக்கு எல்லோ. அண்டைக்கு ஷிப்ட் இருந்திருக்கும்."

"புருசனைப் பிடிக்க விட்டிட்டு வேலைக்குப் போவாளோ?"

"நீர்தானே அவளுக்குக் கை தூக்கினனீர். நீர் சொல்லும்."

நாகேஸ்வரி யோசித்தாள். வீட்டுக்கு நடந்து, கதவைத் திறந்து, அடுப்பில் சோற்றுப் பானையை ஏற்றுகிறவரைக்கும் இருவருக்கும் அந்தப் பெண்ணின் வழக்குத் தீரவில்லை. வாமதேவன் சமையலறை வாசலில் நின்றபடி, அவள் ஒரு கடற்கரை நகரத்துக்குப் போயிருப்பாள் என்று புதிதாக ஒன்றைச் சொல்லத் தொடங்கினார். நாகேஸ்வரி அகப்பையை நீட்டி அவரை நிறுத்தினாள்.

"பொறுங்கோ," என்றாள். "இந்த முறை நான் சொல்லுறன்."